விளம்பரத்துக்கு எடுத்துவைத்த சிறு தொகை

குறிப்பேடுகளைக் கையால் தைத்துக் கட்டி விற்பது என் தொழில். தாள்களை மடித்து, ஃபாரம் எனப்படும் சிறு கட்டுகளாக அடுக்கி, முதுகில் துளையிட்டு, மெழுகு பூசிய நூலால் ஒன்றோடொன்று பிணைத்து, அட்டை சேர்த்து முடிக்க ஒரு குறிப்பேட்டுக்கு ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகிறது. தொழிலைத் தொடங்கியபோது விளம்பரத்துக்கென்று நான் எடுத்துவைத்த தொகை 20 குறிப்பேடுகளின் விலைக்குச் சமமாக இருந்தது. அதில் பாதியை முதல் வாரத்திலேயே, சமூக வலைதளத்தில் இட்ட ஒரு பதிவைப் பணம் கட்டிப் பலருக்குக் காட்டச் செய்வதில் செலவழித்தேன். நூற்றுக்கணக்கானோர் விருப்பக்குறி இட்டார்கள், சிலர் அழகாக இருக்கிறது என்று எழுதினார்கள், ஒருவர்கூட வாங்கவில்லை. அந்தப் பாதித் தொகை எனக்கு 10 குறிப்பேடுகள், அதாவது 30 மணி நேர உழைப்பு.

அந்த இழப்புக்குக் காரணத்தைத் தேடியபோதுதான் விளம்பரத்தைப் பற்றி முதன்முறையாக ஒழுங்காக யோசித்தேன். பதிவின் கீழுள்ள ‘பூஸ்ட்’ பொத்தானை அழுத்தியதும், இந்தப் பதிவால் என்ன நடக்க வேண்டும் என்று ஒரு கேள்வி வருகிறது. நான் அதைப் படிக்காமல், ஏற்கெனவே தேர்வாகியிருந்ததையே ஏற்றுக்கொண்டு மேலே போய்விட்டேன். பதிவுக்கு விருப்பக்குறியும் கருத்தும் இடக்கூடியவர்கள் யாரோ அவர்களைத் தேடிக் காட்டு என்பதே அதன் பொருள். கேட்டது கேட்டபடி கிடைத்தது. விருப்பக்குறி இடும் பழக்கமுள்ளவர்களும் கையால் செய்த பொருளை விலை கொடுத்து வாங்குபவர்களும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள் என்பதை நான் அப்போது அறிந்திருக்கவில்லை.

அதைவிட முக்கியமான ஒன்றும் எனக்குப் பிடிபடாமல் இருந்தது. ஒரு நாளைக்கு 2 குறிப்பேடுகள் என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 20 நாள் வேலையில் என்னால் 40 குறிப்பேடுகளுக்கு மேல் செய்ய முடியாது. ஆகவே என் தேவை மாதத்துக்கு 40 பேர். பத்தாயிரம் பேர் அல்ல. பெரிய நிறுவனங்கள் விளம்பரம் செய்யும் முறையைப் பார்த்து நாமும் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். அவர்களுக்கு ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது. நமக்கு இரண்டு கைகள்தான் இருக்கின்றன. உங்கள் பதிவு ஒன்று எதிர்பாராமல் பரவி, ஒரே நாளில் 200 ஆர்டர்கள் குவிந்தால், அவற்றை முடிக்க ஐந்து மாதங்கள் ஆகும். அதற்குள் காத்திருந்து சலித்தவர்கள் எழுதும் மதிப்புரைகள் நீங்கள் இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த நற்பெயரைக் குலைத்துவிடக்கூடும். எனவே கைவினைத் தொழிலில் விளம்பரம் செய்யும் முன், மாதத்துக்கு எத்தனை பொருள் செய்ய முடியும் என்ற எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றக் கணக்குகள் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகின்றன.

அடுத்த கணக்கு விலையைப் பற்றியது. ஒரு பொருளின் விலையை 100 பங்காக வைத்துக்கொள்வோம். தாள், நூல், அட்டை, பசை ஆகியவற்றுக்கு 25, உழைப்புக்கு 45, பொதி கட்டுவதற்கும் விற்பனைத் தளம் எடுத்துக்கொள்ளும் பங்குக்கும் 15 போனால், மிச்சம் 15. கடைப்பக்கத்துக்கு வரும் 50 பேரில் ஒருவர் வாங்குகிறார் என்றால், ஒருவரைப் பக்கத்துக்கு வரவழைக்க நீங்கள் 0.3 பங்குக்கு மேல் செலவழிக்க முடியாது. அவ்வளவும் செலவழித்தால் ஊசி வாங்கவும் பணம் மிஞ்சாது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, கட்டண விளம்பரம் எனக்கு ஏன் ஒத்துவரவில்லை என்பது விளங்கிவிட்டது. அதோடு, உழைப்புக்குக் கூலியே சேர்க்காமல் விலை வைத்திருப்பவர்கள் எந்த விளம்பரத்தாலும் பயன் பெற முடியாது என்பதும் விளங்கியது, ஏனெனில் விற்பனை கூடக்கூட அவர்களுடைய இழப்பும் கூடுகிறது. கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. கடைக்காரர்கள் சில்லறை விலையில் பாதியளவுக்கே கேட்பது வழக்கம். அந்தப் பாதியிலும் உங்கள் கூலி நிற்க வேண்டும்.

இணையச் சந்தைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைவினைப் பொருட்களுக்கென்றே 2005இல் தொடங்கப்பட்ட எட்சி (Etsy) தளத்தில் கடை திறப்பது எளிது. வாங்கும் மனநிலையோடு வருபவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பது பெரிய வசதி. ஆனால் அங்கே பிடித்தம் பல வழிகளில் நடக்கிறது. ஒவ்வொரு பொருளையும் பட்டியலிட நான்கு மாதங்களுக்கு ஒரு கட்டணம் உண்டு. விற்றால் அஞ்சல் செலவையும் சேர்த்த தொகையில் 6.5 விழுக்காடு போகிறது. 2022 ஏப்ரலுக்கு முன் அது 5 விழுக்காடாக இருந்தது. அவர்கள் வெளித்தளங்களில் காட்டும் விளம்பரத்தின் வழியாக ஒருவர் வந்து வாங்கினால், சிறிய கடைகளிடமிருந்து மேலும் 15 விழுக்காடு எடுக்கப்படும். சிறிய கடைகள் இந்தக் கடைசித் திட்டத்திலிருந்து விலகிக்கொள்ள அமைப்புகளில் வழி இருக்கிறது; கடை திறந்த அன்றே அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இனி நான் அதிகம் பேச விரும்பும் செய்திக்கு வருகிறேன். காசு செலவழிக்காமல் என் விற்பனையை மாற்றியவற்றில் முதலாவது புகைப்படம். விலை உயர்ந்த கேமரா எதுவும் தேவைப்படவில்லை, கைப்பேசியே போதுமானதாக இருந்தது, மாறியது வெளிச்சம்தான். தொடக்கத்தில் இரவில், வேலை முடிந்த பிறகு, அறை விளக்கின் கீழே படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத் தாள் மஞ்சளாகத் தெரிந்தது. பிறகு ஜன்னலோரம் மாற்றினேன், ஆனால் விளக்கை அணைக்கவில்லை; இப்போது தாளின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் தெரிந்தது. பகல் வெளிச்சத்தின் நிற வெப்பநிலை, அதாவது வெளிச்சம் நீலம் சார்ந்ததா மஞ்சள் சார்ந்ததா என்பதன் அளவு, ஏறத்தாழ 5500 கெல்வின், வீட்டு மஞ்சள் விளக்கினுடையது ஏறத்தாழ 2700 கெல்வின். இரண்டும் கலந்தால் எந்தக் கேமராவாலும் வெள்ளையைச் சரியாகக் கணிக்க முடியாது. விளக்கை அணைத்தேன். நேர் வெயில் விழாத ஜன்னலுக்குப் பக்கவாட்டில் மேசையைப் போட்டு, எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தி நிழலை மென்மையாக்கினேன். இதற்கு ஆன செலவு அந்த அட்டை மட்டும்தான்.

இன்னொரு சிக்கல் இருந்தது, வெளிர்நிறப் பொருள் செய்யும் எவரும் இதைக் கண்டிருப்பார்கள். படத்தின் பெரும்பகுதி வெண்மையாக இருந்தால், கேமரா அதை மிகுந்த வெளிச்சம் என்று எண்ணிப் படத்தை இருட்டாக்கிவிடுகிறது. புதுத் தாள் அழுக்கடைந்த சாம்பல் நிறத்தில் வருகிறது. திரையில் பொருளைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைச் சற்று மேலே நகர்த்தினால் போதும். இந்த ஒரு விரலசைவைத் தெரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதங்கள் ஆயின என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. கறுப்புத் தோலில் வேலை செய்பவர்கள் இதையே கீழ்நோக்கிச் செய்ய வேண்டும்.

எதைப் படம் எடுப்பது என்பதும் வெளிச்சத்தைப் போலவே முக்கியமானது. முதலில் மூடிய குறிப்பேட்டின் மேலட்டையை மட்டும் எடுத்தேன், ஏனெனில் என் உழைப்பில் எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் வாங்குபவர் அறிய விரும்புவது வேறு. அது எவ்வளவு பெரிது? கையில் பிடித்தால் எப்படி இருக்கும்? ஊற்றுப்பேனாவால் எழுதினால் மை பின்பக்கம் ஊறுமா? முழுவதும் விரியுமா? இவை எனக்கு வந்த குறுஞ்செய்திகளிலிருந்து எடுத்தவை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு படம் என்று முடிவு செய்துகொண்டேன்: கையில் ஏந்திய படம், மையால் எழுதிய பக்கத்தைத் திருப்பிக் காட்டும் படம், முதுகுத் தையலை நெருக்கமாகக் காட்டும் படம், நடுப்பக்கம் மேசையில் தட்டையாகக் கிடக்கும் படம். இந்தக் கடைசிப் படத்தை முதலாவதாக வைத்த மாதத்திலிருந்து கேள்விகள் குறைந்து ஆர்டர்கள் கூடின.

சொற்களிலும் இதே பாடத்தைக் கற்றேன். நான் தைக்கும் முறைக்குக் காப்டிக் தையல் என்று பெயர். எகிப்தின் தொடக்கக்காலக் கிறித்தவர்கள் தம் புத்தகங்களைக் கட்டிய முறை அது. என் குறிப்பேடுகளில் முதுகைப் பசையோ துணியோ மூடாமல் சங்கிலி போன்ற தையல் வெளியே தெரியும். இந்தப் பெயரையே பொருளின் தலைப்பாக வைத்திருந்தேன். எனக்கு அதில் பெருமிதம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் தேடுபொறியில் எவரும் அந்தச் சொல்லைக் கொண்டு என் பொருளைத் தேடுவதில்லை. ‘விரித்தால் மூடிக்கொள்ளாத நோட்டு’, ‘படம் வரைய தடித்த தாள் நோட்டு’ என்றுதான் தேடுகிறார்கள். தலைப்பில் வாடிக்கையாளரின் சொல்லை வைத்துவிட்டு, தையலின் வரலாற்றைக் கீழே விளக்கத்தில் வைத்தேன். எட்சியில் ஒரு பொருளுக்கு 13 குறிச்சொற்கள் தருகிறார்கள், ஒவ்வொன்றும் 20 எழுத்துக்குறிகளுக்குள். பதின்மூன்றையும் வாங்குபவர்களின் வாயிலிருந்து வந்த சொற்களால் நிரப்புங்கள்.

காணொளி எடுப்பதற்குத் தனியாக நேரம் ஒதுக்குவதை நிறுத்திவிட்டேன். ஒரு நிமிடக் காணொளிக்காக 3 மணி நேரம் செலவழித்தால் அது ஒரு குறிப்பேட்டின் விலை, அதைத் திரும்பப் பெறாத காணொளி இலவசமானது அல்ல. தைக்கும்போதே மேசைக்கு மேலே கைப்பேசியைப் பொருத்திவிடுகிறேன்; வேலை நடக்கிறது, பதிவும் நடக்கிறது. வணிகக் கணக்குகளுக்குச் சமூக வலைதளங்களில் எல்லாப் பிரபலமான பாடல்களையும் பயன்படுத்த உரிமை இல்லை என்பதால், நூல் தாளை ஊடுருவிப் போகும் ஓசையையே விட்டுவிட்டேன். அதைக் கேட்பதற்காகவே வருகிறோம் என்று சிலர் எழுதினார்கள். பிற தளங்களில் இட்ட பதிவு இரண்டு நாட்களில் மறைந்துபோகிறது; படங்களைத் தேடிச் சேகரித்து வைக்கும் தளமான பின்டரெஸ்ட் தேடுபொறியைப் போல இயங்குவதால், அங்கே 2:3 அளவில் நெட்டுவாக்காக இட்ட படங்கள் பல மாதங்கள் கழித்தும் ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. நேரம் குறைவாக உள்ளவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

தள்ளுபடியும் பரிசுப் போட்டிகளும் எனக்கு உடன்பாடில்லாதவை. முழு விலை கொடுத்து முன்பே வாங்கியவரைத் தள்ளுபடி வருந்தச் செய்கிறது. பரிசுப் போட்டி பரிசுக்காக அலைபவர்களை அழைத்துவருகிறது. போட்டி முடிந்ததும் அவர்கள் போய்விடுகிறார்கள்.

ஆனால் பொருளை இலவசமாகக் கொடுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. யாருக்குக் கொடுக்கிறோம் என்பதே கேள்வி. மட்பாண்டக் கலைஞர் ஜோசையா வெட்ஜ்வுட் 1765இல் இங்கிலாந்து அரசி ஷார்லட்டுக்கு, அவருடைய ஆர்டரின் பேரில், தேநீர்க் கோப்பைத் தொகுதி செய்து கொடுத்து, அந்த வெளிர்மஞ்சள் பாண்டத்தை ‘குவீன்ஸ் வேர்’ என்று பெயரிட்டு விற்க இசைவு பெற்றார். அரசியின் மேசையில் இருந்தது எல்லோர் மேசைக்கும் வேண்டும் என்று ஆயிற்று. நமக்கு அரசி தேவையில்லை, பலர் பார்க்க அந்தப் பொருளைப் பயன்படுத்தும் ஒருவர் போதும். பின்தொடர்பவர்கள் அதிகமுள்ள ஒருவருக்கு அனுப்பிய என் குறிப்பேடு பிரிக்கப்பட்டதா என்பதுகூட எனக்குத் தெரியவரவில்லை. வார இறுதிகளில் கூடிப் படம் வரையும் ஒரு குழுவில் ஐவருக்குக் கொடுத்தவையோ ஒவ்வொரு வாரமும் இருபது பேர் முன்னால் மேசையில் தட்டையாக விரிந்து கிடந்தன. பக்கத்தில் இருப்பவர் தன் நோட்டு மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வரைகிறார். அவருக்கு வேறு விளக்கம் எதற்கு? நல்லதைச் சொல்ல வேண்டும் என்று அவர்களிடம் நான் கேட்கவில்லை. இலவசமாகப் பெற்றதைப் பற்றி எழுதுபவர்கள் அதைத் தெரிவிக்க வேண்டும் என்று பல நாடுகளில் விதி இருக்கிறது, அப்படி விதி இல்லாவிட்டாலும் தெரிவிப்பதே முறை.

கைவினைச் சந்தைகளில் மேசை எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதல் சந்தையில் வாடகையை வேறொரு கைவினைஞரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். பொருட்களை மேசையில் படுக்க வைக்காமல் பெட்டிகள் மேல் அடுக்கிக் கண்ணுக்கு நேராக உயர்த்துங்கள். விலையை எழுதி வையுங்கள், கேட்கக் கூச்சப்பட்டுக் கடந்துபோகிறவர்கள் பலர். கையில் ஊசியும் நூலுமாக வேலை செய்துகொண்டே இருங்கள். சும்மா நின்று எதிர்பார்ப்போடு பார்த்தால் தள்ளி நடப்பவர்கள், வேலை செய்யும் கைகளைப் பார்க்க நிற்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட, சிறு தொகையை எங்கே போடுவது என்று கேட்டால், ஏற்கெனவே வாங்கியவரிடம் போடுங்கள் என்பதே என் பதில். என் குறிப்பேட்டில் 160 பக்கங்கள் இருக்கின்றன. நாளுக்கு ஒரு பக்கம் எழுதுகிறவருக்கு அது ஐந்து மாதங்களுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். அப்படியானால் நான்கரை மாதங்கள் கழித்து, அவர் கையில் கடைசிப் பக்கங்கள் இருக்கும்போது, ஒரே ஒரு செய்தி அனுப்பினால் அது தொந்தரவாக இருக்காது, உதவியாகவே இருக்கும். இந்த எளிய கணக்கை நான் மூன்றாம் ஆண்டில்தான் கண்டுகொண்டேன். மெழுகுவர்த்தி செய்பவர் எரியும் மணிகளைக் கொண்டும், சோப்பு செய்பவர் கரையும் வாரங்களைக் கொண்டும் இதைக் கணக்கிடலாம். காதணி செய்பவரின் பொருள் தீர்ந்துபோவதில்லை. ஆனால் பரிசளிக்க வாங்கியவரிடம் நாளைக் குறித்துக்கொண்டால் அடுத்த ஆண்டு அதே நாளுக்கு மூன்று வாரம் முன்பு எழுதலாம்.

இதற்குச் செய்தி பெறச் சம்மதம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைப் பற்றிக் கடுமையாகவே பேசுகிறது. வெளிநாட்டுக்கு அனுப்புபவர்கள் இதை மறக்கக் கூடாது. நான் பொதியினுள் வைக்கும் அட்டையில், அடுத்த முறை நினைவூட்டலாமா என்று கேட்கிறேன், விரும்புகிறவர்கள் மட்டும் பதிவு செய்கிறார்கள். 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் இதைச் செலவில்லாமல் செய்யலாம். ஆனால் ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் அதன் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம், உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஆகையால் மின்னஞ்சல் முகவரியையும் வாங்கி, தனியாக ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன். சமூக வலைதளக் கணக்கு ஒருநாள் காரணம் சொல்லாமல் முடக்கப்பட்டால், பின்தொடர்ந்த ஆயிரக்கணக்கானோரை அடைய வேறு வழியே இருக்காது.

அட்டையில் ஒரு க்யூஆர் குறியீடும் இருக்கிறது, அதைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ஜப்பானின் டென்சோ நிறுவனம் 1994இல் உருவாக்கிய இந்தக் குறியீட்டை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இணைய முகவரியை நேரடியாகப் பதிந்த குறியீடு என்றைக்கும் காலாவதியாகாது. ஆனால் சில இலவசத் தளங்கள் தம் முகவரி வழியாகச் சுற்றிவரும் குறியீட்டைக் கொடுத்து, சோதனைக் காலம் முடிந்ததும் பணம் கட்டாவிட்டால் அதை நிறுத்திவிடுகின்றன. அப்படி ஒன்றில் உருவாக்கி நான் அச்சடித்த 200 அட்டைகள் இரண்டே வாரத்தில் செயலற்றுப்போயின. அதற்குள் 30 வாடிக்கையாளர்களுக்குப் போயும் விட்டன. அச்சுக்குக் கொடுக்கும் முன் கைப்பேசியால் ஸ்கேன் செய்து, திரையில் தோன்றும் முகவரி உங்களுடையதுதானா என்று பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு ஆர்டருக்கும் எங்கே அறிந்தீர்கள் என்று கேட்டு, பதிலை ஒரு பேரேட்டில் குறித்துக்கொள்கிறேன். சென்ற ஆண்டின் பக்கங்களைக் கூட்டிப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் முன்பே வாங்கியவர்கள், அல்லது முன்பே வாங்கியவரின் நண்பர்கள். அதனால் இந்த ஆண்டு விளம்பரத் தொகையில் பெரும்பங்கை அவர்களுக்குப் போகும் பொதிக்கே ஒதுக்கியிருக்கிறேன். தாளை அளவுக்கு வெட்டும்போது ஓரங்களில் விழும் துண்டுகளைச் சேர்த்து, உள்ளங்கையில் அடங்கும் 16 பக்கக் குட்டி நோட்டுகளை அதே தையலில் செய்கிறேன். ஒன்றைத் தைக்கப் பத்து நிமிடம் ஆகிறது, செலவு நூல் மட்டும்தான். ஒவ்வொரு பொதியிலும் ஒன்றை வைத்து, எழுதும் பழக்கமுள்ள ஒரு நண்பருக்குக் கொடுங்கள் என்று கையால் ஒரு வரி எழுதுகிறேன். பேரேட்டில் இப்போது ‘குட்டி நோட்டு’ என்று தனியாக ஒரு பத்தி கோடிட்டிருக்கிறேன். மூன்று மாதங்களில் அதில் 11 பெயர்கள் ஏறியிருக்கின்றன.